எஞ்சினடியில் கிடந்த அநாமத்துத் திருகாணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டைவண்டி ஓடிய காலத்தில் பாதையில் ஒரு கடையாணி கிடக்கக் கண்டவன் அதை வேலியோரம் எறிந்துவிட்டுப் போகமாட்டான். அது எந்த வண்டியினின்றும் விழுந்ததோவென்று நாற்புறமும் நோக்கி, முன்னே செல்லும் வண்டிக்காரனைக் கூவி நிறுத்துவான். ஆணி போன சக்கரம் எவ்வளவு தூரம் ஓடுமென்பது அவன் அறிந்த சங்கதி. லாரியும் டிராக்டரும் பெருகிவிட்ட இந்நாளிலோ, எஞ்சின் மூடியைத் திறக்குங்கால் உள்ளே ஒரு நட்டோ போல்ட்டோ தனியே கிடந்தால், அதைக் கருவிப்பெட்டியில் எறிந்துவிடுவதும், அருகே காலியாகத் தோன்றும் ஏதோ ஒரு துவாரத்தில் திருகிவிடுவதும் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் சமவெளியில் பெரும்பாலும் வீண்செலவை உண்டாக்கும். மலைப்பாதையில் உயிருக்கே கேடு விளைவிக்கும்.

தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்த வத்தல்மலை கடல்மட்டத்திற்குச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு முதலிய தானியங்களுடன் காப்பியும் மிளகும் பயிரிட்டு வருகின்றனர். விளைபொருள் தர்மபுரியை அடையவேண்டுமாயின், இருபதுக்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளைக் கடந்து லாரி இறங்கவேண்டும். ஏறும்போது எஞ்சின் அதிக வெப்பமடைகிறது. இறங்கும்போது பிரேக் ஓயாது உழைக்கிறது. இரு வேளையிலும் வண்டி முழுதும் அதிர்கிறது. ஆகவே போல்ட்டு தளர்வதற்கு ஏதுவான இடமும் இதுவே, தளர்ந்த போல்ட்டினால் பெருந்தீங்கு நேரக்கூடிய இடமும் இதுவே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெரியூரில் காப்பி மூட்டைகளை ஏற்றிய ஒரு சிறு டீசல் லாரி, மறுநாட் காலைச் சந்தைக்காக மாலையிலேயே புறப்பட நிற்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க டிரைவர் மூடியைத் திறக்கிறார். எஞ்சினுக்குக் கீழேயுள்ள தகட்டின்மீது சுண்டுவிரல் பருமனில் ஒரு போல்ட்டு கிடக்கிறது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. மூட்டை ஏற்றியாயிற்று, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் செய்யத்தக்கது யாது?

முதற் கடமை

வண்டியைப் புறப்படவிடாமல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிடவேண்டும். எஞ்சின் ஆறும்வரை பொறுத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின்னரே உள்ளே கைவைத்தல் நலம். கிடந்த உருப்படியை உடனே எடுத்துத் துடைத்துவிடலாகாது. பயிரில் விழுந்த பூச்சியைக் காட்ட வருபவர், பூச்சியை மட்டும் நசுக்கிக் கொண்டுவராமல், அது இருந்த இலையோடும் கிளையோடும் கொண்டுவந்தாலன்றோ அதன் இனம் விளங்கும்? அதுபோலவே இதுவும். எவ்விடத்தில், எப்பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்க. கைபேசியால் ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னர் மெக்கானிக்கிடம் காட்ட உதவும். இரும்பு மேலிருந்து கீழே விழுமேயன்றிக் கீழிருந்து மேலே ஏறாதாகையால், கிடந்த இடத்திற்கு நேர் மேலும் சற்று முன்னும் பின்னுமுள்ள பாகங்களே முதலில் சந்தேகத்திற்குரியவை.

உருப்படி கூறும் சாட்சியம்

துடைப்பதற்கு முன் அழுக்கைக் கவனிக்கவேண்டும். எங்கும் ஒரே சீராகத் துருவும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால், அது நெடுநாட்களுக்கு முன் யாரோ பழுதுபார்த்தபோது தவறவிட்டதாக இருக்கலாம். தலையின் அடிப்புறத்தில் வளையம்போல் பளபளப்பும், மரையில் பளபளப்பான தேய்வும் காணப்பட்டால், அண்மைக்காலம் வரை அது ஓரிடத்தைப் பிடித்திருந்து, தளர்ந்து, ஆடி, விழுந்ததென்று கொள்ளலாம். தளர்ந்த இரும்பு இரும்போடு உராய்ந்தால் செம்பழுப்பான நுண்பொடி உண்டாகும். இதுவும் ஒரு நல்ல அடையாளம்.

போல்ட்டு முழுமையாக இல்லாமல் முறிந்திருந்தால் முறிந்த முகத்தை நோக்குக. ஒருபாதி வழவழப்பாகவும், ஆற்றங்கரை மணலில் அலை பதித்த கோடுகள் போன்ற வரிகளுடனும், மறுபாதி சொரசொரப்பாகவும் இருந்தால், அது ஒரே நாளில் முறிந்ததன்று. பன்னாள் அதிர்ச்சியால் சிறிது சிறிதாக வெடித்து இறுதியில் அற்றது. அங்ஙனமாயின் அதன் பக்கத்திலுள்ள போல்ட்டுகளும் அதே துன்பத்தை அனுபவித்திருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

காந்தமும் உதவும். எஃகு காந்தத்தில் ஒட்டும்; பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவை ஒட்டா; துருப்பிடிக்காத எஃகில் பல வகைகளும் ஒட்டுவதில்லை. நீலம் பாய்ந்த இரும்பு மிகுந்த வெப்பம் பட்டது. அது புகைபோக்கிக் குழாயின் அருகிலிருந்து வந்திருக்கலாம். அவ்விடத்து நட்டுகள் இறுகிப் பற்றிக்கொள்ளாதிருக்கும் பொருட்டுப் பித்தளையாலோ செம்பு முலாம் பூசிய எஃகாலோ செய்யப்படுவதும் உண்டு.

அளவு காணும் முறை

இதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். முதலாவது, மரையின் வெளிக் குறுக்களவு. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு அளக்கும்போது எட்டுக்குச் சிறிது குறைவாகவே இருக்கும். இரண்டாவது, தலைக்குக் கீழுள்ள நீளம். அறுகோணத் தலைப் போல்ட்டில் தலையின் உயரம் நீளத்தில் சேராது. மூன்றாவது, மரை நெருக்கம். மரையைக் காகிதத்தின்மீது வைத்து அழுத்தினால் வரிசையாகக் கோடுகள் பதியும். முதற்கோட்டிலிருந்து பதினோராவது கோடுவரை அளக்க, பத்து மரைகளின் தூரம் கிடைக்கும். மெட்ரிக் முறையில் சாதாரணப் பருமரை வருமாறு: 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பத்து மரை 10 மில்லிமீட்டர், 8-க்கு 12.5, 10-க்கு 15, 12-க்கு 17.5. இவற்றினும் நெருங்கிய நுண்மரை உடையவையும் மோட்டார் வண்டிகளில் ஏராளமாக உண்டு.

எந்த ஸ்பானர் சேருகிறதென்பதைக் கொண்டு போல்ட்டின் அளவை முடிவு செய்தல் தவறு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 13-ஆம் நம்பர் ஸ்பானர் வேண்டும். ஜப்பானிய முறையில் அதே போல்ட்டு 12-ஆம் நம்பர் தலையோடும் வரும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 17, 16, 14 ஆகிய மூன்று நம்பர்களும் வழக்கில் உள்ளன.

பழைய வண்டிகளில் வேறொரு சிக்கல் உண்டு. 1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் கடைக்குக் கடை வேறுபட்டிருந்த மரைகளுக்கு ஒரே முறை வகுத்தார். அது அங்குல முறை, மரைக்கோணம் 55 பாகை. இப்போது வழங்கும் அமெரிக்க அங்குல முறைக்கும் மெட்ரிக் முறைக்கும் கோணம் 60 பாகை. நம் நாட்டு வண்டிகளின் வமிசாவளியோ பலவகைப்பட்டது. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. டாட்டா கம்பெனியார் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியாரோடு கூடி லாரி செய்யலாயினர். ஜீப்பின் பிறப்பிடமோ அமெரிக்கா. ஆகையால் இக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் மெட்ரிக் முறையாயினும், பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் அங்குல மரை எதிர்ப்படக்கூடும். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு கொண்ட போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர், கண்ணுக்கு அது எட்டு மில்லிமீட்டர் போல்ட்டேதான். ஆயினும் அதன் அமெரிக்கப் பருமரை பத்துக்கு 14.1 மில்லிமீட்டர் ஆகும். மாற்றித் திருகினால் இரண்டொரு சுற்று ஏறி இறுகும். வலிந்து திருகினால் இரண்டு மரையும் அழியும். நல்ல மரை விரலாலேயே பல சுற்றுகள் ஏறவேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பானர் கேட்பது தன் துணையன்று என்பது நினைவிலிருத்தத்தக்கது.

தலையிலுள்ள எண்

எஃகுப் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்பன போன்ற எண்கள் பதிக்கப்பட்டிருக்கும். இவை அளவைக் குறிப்பன அல்ல, வலிமையைக் குறிப்பன. புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு எத்தனை நியூட்டன் இழுவிசையில் அறும் என்பது கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கு விசையில் அது மீளாதபடி நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். 8.8 போல்ட்டு 800-இல் அறும், 640-இல் நீளத் தொடங்கும். 4.6 என்ற சாதாரணப் போல்ட்டு 400-இல் அறும், 240-லேயே நீளத் தொடங்கும். ஆகவே முன்னதின் தாங்கும் சக்தி பின்னதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது. வைக்கோற் பாரத்தின்மீது கட்டிய வடம் விறைப்பாக இருக்கும்வரைதான் பாரம் அசையாதிருக்கும். போல்ட்டும் அவ்வாறே இழுபட்டு விறைத்து நின்று பாகங்களைப் பிணிக்கிறது. பலவீனமான போல்ட்டு நீண்டு கொடுத்தால் பிணிப்பும் நெகிழும். எண் இல்லாத கடைச் சரக்கை எண் உள்ள போல்ட்டின் இடத்தில் வைக்கலாகாது என்பதன் காரணம் இதுவே.

உருவத்தால் இடமறிதல்

சில உருப்படிகள் தம் உருவத்தாலேயே தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கும். தண்டின் நடுவே துளையும் பக்கவாட்டில் கண்ணும் உள்ள போல்ட்டு, டீசலோ எண்ணெயோ பிரேக் திரவமோ பாயும் குழாயின் முனையைப் பிடிப்பது. செம்பு அல்லது அலுமினிய வாஷர் பெரும்பாலும் இத்தகைய இணைப்புக்கோ எண்ணெய் வடிக்கும் திருகுக்கோ உரியது. அது கிடைத்தால் கசிவைத் தேடவேண்டும். கோட்டை மதில்போல் வெட்டுகள் உள்ள நட்டும், இரண்டாகப் பிளந்து வளைக்கும் காட்டர் பின்னும் ஸ்டியரிங் கம்பிகளின் முனைகளில் உள்ளவை. இவற்றில் ஒன்று கிடைத்தாலும், ஸ்டியரிங் முழுவதையும் சோதிக்காமல் வண்டியை ஓரடியும் நகர்த்தலாகாது. பக்கத்துளை கொண்ட வழவழப்பான சிறு தண்டு, கிளட்சு அல்லது பிரேக் மிதிகளின் இணைப்பாணியாக இருக்கலாம். பிறைவடிவச் சிறு இரும்பு, சுழலும் தண்டையும் கப்பியையும் பிணைக்கும் சாவி. எஃகுக் குண்டு ஒன்று கிடைத்தால், தண்ணீர்ப் பம்பு, ஆல்டர்னேட்டர் முதலிய சுழலும் பாகங்களின் பேரிங்கு உடைந்ததோவென்று பார்க்கவேண்டும். சிறு சுருள்வில், ஆக்ஸிலரேட்டரை மீட்டிழுக்கும் வில்லாக இருக்கலாம். அஃதின்றேல் காலை எடுத்த பின்னும் எஞ்சின் வேகம் தணியாது.

வெற்றிடத்தைத் தேடுதல்

இனி, பெரியூர் லாரியில் கிடந்த போல்ட்டுக்கு வருவோம். குறுக்களவு ஏறக்குறைய எட்டு, நீளம் இருபத்தைந்து, பத்து மரை 12.5 மில்லிமீட்டர், தலையில் 8.8 என்ற எண். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தலையடியில் பளபளப்பான வளையம். ஆகவே இது எண்ணெய் படியாத வெளிப்பாகத்தில் ஏதோ ஒன்றை இறுகப் பிடித்திருந்து, அண்மையில் கழன்றது.

டார்ச்சு விளக்கால் மேற்புறமெல்லாம் தேடும்போது காலித் துவாரங்கள் மூன்று நான்கு தென்படலாம். ஒரே வார்ப்படத்தைப் பலவகை வண்டிகளுக்கும் பயன்படுத்துவதால், தொழிற்சாலையிலேயே காலியாக விடப்பட்ட துவாரங்கள் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது எளிது. பழைய காலித் துவாரத்தின் மரை முழுவதும் தூசும் துருவும் அடைந்திருக்கும். விளிம்பும் சுற்றுப்புறமும் ஒரே நிறமாக இருக்கும். புதிதாக இழந்த துவாரத்தைச் சுற்றி, வாஷர் உட்கார்ந்திருந்த வட்டம் மட்டும் அழுக்கின்றித் தெளிவாக இருக்கும்.

அத்தகைய வட்டம், ஆல்டர்னேட்டரை இழுத்துப் பிடிக்கும் நீண்ட கண்ணுள்ள பட்டையின்மீது காணப்படுகிறதென்று கொள்வோம். போல்ட்டு போனதால் ஆல்டர்னேட்டர் சாய்ந்து பெல்ட்டு நெகிழ்ந்திருக்கிறது. இதனால் விளக்கு மங்கும், பேட்டரி இறங்கும் என்று மட்டுமே பலர் எண்ணுவர். பல எஞ்சின்களில் அதே பெல்ட்டு தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது நழுவினால் எஞ்சின் கொதிக்கும். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பல சிறு டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைபுரியும் வாக்கும் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. பெல்ட்டு நின்றால் வாக்குமும் நின்றுவிடும். சேமிப்பிலுள்ள வாக்குமைக் கொண்டு ஓரிரு முறை பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். அப்பால் மிதி கல்லைப்போல் கடினமாகிவிடும். முதல் வளைவிலும் இரண்டாம் வளைவிலும் ஒன்றும் தெரியாது. பாரவண்டி வேகம்கொண்ட பின்னரே தெரியும். விரல்நீளமுள்ள ஒரு போல்ட்டுக்கும் மலையடிவாரம்வரை செல்லும் உயிர்களுக்கும் உள்ள தொடர்பு இதுவாகும்.

போல்ட்டின் இடம் கண்டுபிடிக்கப்பட்ட பின், மரை பழுதின்றி இருந்தால் மட்டுமே அதையே மீண்டும் பூட்டலாம்; இல்லையேல் அதே குறுக்களவு, மரை, நீளம், வலிமை எண் ஆகிய நான்கும் ஒத்த புதியதைப் போடவேண்டும். நீளம் மிகுந்தால், அடி மூடிய துவாரத்தில் நுனி முட்டி, இறுகியதுபோல் தோன்றியும் பாகத்தைப் பிடிக்காது. குறைந்தால் மரையின் பிடிப்புப் போதாது. நைலான் வளையமுள்ள நட்டை மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் தகாது. காட்டர் பின் எப்போதும் புதிதாகவே இருத்தல் வேண்டும். இடம் அகப்படாவிடில், மெக்கானிக் வந்து பார்க்கும்வரை வண்டி மலையிறங்கலாகாது. ஒரு நாள் சந்தை தவறினால் அடுத்த சந்தை உண்டு.

கண்ணளவால் நேர்ந்த கேடு

இது மிகையான எச்சரிக்கையென்று கருதுவோர் 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி நிகழ்ந்ததைக் கேட்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 17,000 அடி உயரத்தைத் தாண்டியபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானி பாதியுடல் வெளியே இழுக்கப்பட்டார்; ஊழியர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணைவிமானி சௌதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். விமானி உட்பட எல்லோரும் உயிர்பிழைத்தனர். விசாரணையில், அதற்கு முந்திய நாளன்று அக்கண்ணாடியை மாற்றியபோது பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் உரிய பருமனினும் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை என்பது வெளியாயிற்று. மரை நெருக்கம் ஒன்றே; பருமன்தான் வேறு. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்ததே பிழைக்குக் காரணம்.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி ஜப்பானின் ஒகினாவாத் தீவில் தரையிறங்கி நின்ற சைனா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தீப்பற்றியது. இறக்கையினுள் ஒரு வாஷர் விடுபட்டுப்போனதால், ஒரு போல்ட்டு நட்டோடு கழன்று உள்ளே தங்கிவிட்டது. இறக்கையின் முன்பாகம் பின்வாங்கியபோது, அப்போல்ட்டு எரிபொருள் தொட்டியைக் குத்தித் துளைத்தது. அனைவரும் இறங்கித் தப்பினர், விமானம் எரிந்தது. முதல் விபத்தில் போல்ட்டு தவறான இடத்தில் பூட்டப்பட்டது. இரண்டாவதில் தன்னிடம் விட்டுக் கழன்று கிடந்தது. எஞ்சினடியில் கிடக்கும் உருப்படியால் நேரக்கூடிய இருவகைத் தீங்குகளும் இவையே.

மாட்டின் வயிற்றிலும் மரணம்

எடுத்த உருப்படியை வண்டியின் பின்புறம் எறிந்துவிடுவதும் ஆகாது. அதே வண்டியில் நாளை தட்டையும் வைக்கோலும் ஏறும். மாடு தீவனத்தை நன்கு மென்று சோதியாமல் விழுங்கும் இயல்புடையது. அதனோடு போகும் ஆணியும் கம்பித்துண்டும் முறிந்த காட்டர் பின்னும் இரண்டாம் இரைப்பையில் தங்குகின்றன. அவ்விரைப்பை இருதயத்திற்கு மிக அருகிலுள்ளதாகையால், கூரிய முனை சுவரைத் துளைத்து இருதய உறையையும் குத்திவிடக்கூடும். மழுங்கிய நட்டு தீவனம் வெட்டும் எந்திரத்தில் அகப்பட்டால் கத்தி உடைந்து தெறிக்கும். ஆகவே இரும்பு எதுவாயினும் அதற்கென வைத்த மூடியுள்ள டப்பாவிலேயே போடுதல் வேண்டும்.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

உரிமையாளர் தெரியாத பணத்தை அநாமத்துக் கணக்கில் எழுதி வைப்பது கிராம அலுவலர்கள் அறிந்த முறை. வண்டி வைத்திருப்போரும் அதுபோல் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, கிடைத்த உருப்படி, தேதி, கிடந்த இடம், அளவு, கண்டறிந்த இருப்பிடம் ஆகியவற்றை எழுதிவருதல் நன்று. ஒரே போல்ட்டு மூன்று மாதத்தில் இரண்டு முறை கழன்றால், குற்றம் போல்ட்டில் அன்று, அது பிடிக்கும் பாகத்திலோ அதிர்ச்சியிலோ உள்ளதென்பது புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். மலையூர்களில் ஊராட்சியாரோ உழவர் குழுவினரோ ஒரு மரைமானி, ஒரு காலிபர், ஒரு காந்தம், சாதாரண அளவுப் போல்ட்டுகள் சில ஆகியவற்றைப் பொதுவிடத்தில் வைத்தால், இரவில் மெக்கானிக்கைத் தேடி அடிவாரம் போகவேண்டிய அவசியம் பலருக்கு நேராது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் சட்டவிரோதம் என்பதையும், மூட்டைமீது அமர்ந்திருப்பவருக்குத் தப்ப வழியில்லை என்பதையும் எடுத்துக்கூறுவது அலுவலர்களின் கடமை.

விதையைக் கையிலெடுத்தவுடன் இன்ன பயிர் என்று சொல்லும் விவசாயிக்கு, திருகாணியைக் கண்டு இன்ன இடத்தது என்று அறிவது அரிய வித்தையன்று. கிடந்த இடம், அழுக்கு, பருமன், நீளம், மரை, எண் என்ற ஆறையும் முறையே பார்த்து, வெற்றிடம் அகப்படும்வரை தேடவேண்டும். அது அகப்பட்டுச் சரிசெய்யப்பட்ட பின்னரே சக்கரத்திற்குக் கொடுத்த கட்டையை எடுக்கவேண்டும்.